முக்காலுக்கு முன்னால் ஒரு மைனஸ்

அண்ணி,

மர ஸ்கேல் விரல் முட்டியில் விழும்போது வரும் சத்தம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்று காலை பத்தாம் வகுப்பு பி பிரிவில் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்கேல் என் கையில் இருந்தது.

3x − 4y + 7 = 0 என்ற நேர்கோட்டின் சாய்வு என்ன என்று கேட்டிருந்தேன். நேற்றுத் திருத்திய நோட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே தப்பு. 2x + 5y − 10 = 0 என்று கொடுத்ததற்கு, சாய்வு ஐந்தில் இரண்டு என்று எழுதி வைத்திருந்தார்கள். முன்னால் நிற்க வேண்டிய மைனஸைக் காணோம். எத்தனை தடவை சொல்வது என்ற கோபம் தலைக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்திருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காரும் பெண் எழுந்து நோட்டை நீட்டினாள். முக்கால் என்று எழுதியிருந்தாள். "மைனஸ் எங்கடி?" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அடித்துவிட்டேன். ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது அடி முதல் அடி விழுந்த இடத்திலேயே விழுந்தது.

அவள் அழவில்லை. பேனாவை எடுத்து, முக்காலுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு போட்டாள். நான் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டேன்.

அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. x-இன் கெழு மூன்று, y-இன் கெழு மைனஸ் நான்கு. முதல் எண்ணின் குறியை மாற்றி, மைனஸ் மூன்றை மைனஸ் நான்கால் வகுத்தால் மைனஸும் மைனஸும் அடிபட்டுப் போகும். அவள் எழுதியது சரி, முக்கால்தான். சரியாக இருந்த விடையை என் அடிக்குப் பயந்து அவளே தப்பாக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தேன். அடிபட்ட கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்தப் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதில்லை என்று எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். சரவணம்பட்டியில் இத்தனை கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளி, வாசலில் கேமரா, வகுப்பில் கேமரா கிடையாது. மத்தியானம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் என் வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீளமான விரல்கள், தடித்த கட்டைவிரல். அண்ணன் கை மாதிரியே இருக்கிறது, அண்ணி. அது எனக்கு முன்னாலேயே தெரியும். உங்களுக்கு எனக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

உங்களை எங்கள் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்குப் பதினெட்டு, உங்களுக்கு இருபத்திரண்டு. எங்கள் சொந்தத்தில் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று கூப்பிடுவதுதான் வழக்கம். காலேஜுக்குப் போகப்போகிற பவுசில் நான் அண்ணி என்றேன். சோமனூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர். வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். குடோனில் எட்டு விசைத்தறி. எட்டும் ஓடும்போது சமையலறையில் குண்டான் விழுந்தாலும் காதில் விழாது. அந்த வீட்டில் பிறந்தவர்கள் சாதாரணமாகப் பேசினாலே வெளியூர்க்காரர்கள் சண்டை என்று நினைப்பார்கள். நாங்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். நீங்கள் மட்டும்தான் மெதுவாகப் பேசினீர்கள். முதல் மாதம் நீங்கள் பேசியது எதுவும் எனக்குக் கேட்டதே இல்லை.

அண்ணனுக்கு அந்தச் சத்தம் தோதாக இருந்தது. உங்களை அடிப்பதாக இருந்தால் குடோனுக்குள் கூப்பிடுவான். "ஏ புள்ளை, இங்க வா, இழை அறுந்து கெடக்குது பாரு" என்பான். நீங்களும் போவீர்கள். கதவைச் சாத்துவான். தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, தொட்டியில் முகத்தைக் கழுவி, ஒன்றும் நடக்காத மாதிரி உலையில் அரிசியைப் போடுவீர்கள். ரசத்தில் உப்புக் கூடிப்போனதற்கு ஒருநாள். உங்கள் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து போனதற்கு ஒருநாள். எதற்கென்றே தெரியாமல் பல நாள். தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தறியின் இரும்புச் சட்டத்தில் உங்கள் தலையை மோதுவான் என்று பின்னால் ஒருநாள் நீங்களே சொன்னீர்கள். ஒரு தடவை காது வீங்கித் தோடு மாட்டிக்கொண்டது. சோப்புத் தண்ணீர் விட்டு நான்தான் மெல்ல மெல்லக் கழற்றினேன். "வலிக்குதுங்களா அண்ணி?" என்று கேட்டேன். அதைவிட முட்டாள்தனமான கேள்வியை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். "தறி ஓட்டறவனுக்கு மண்டை காஞ்சு கெடக்கும். நீதான் பாத்துப் பதனமா நடந்துக்கோணும்" என்று உங்களுக்குத்தான் புத்தி சொல்வாள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். என்னை அவன் ஒரு நாளும் அடித்ததில்லை. காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கினால் வண்டியோடு நிற்பான். பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக் கொடுப்பான். என் பீஸ் எல்லாம் அவன் கட்டியது. உங்கள் காதை வீங்கவைத்த கையாலேயே அந்தப் பன்னையும் வாங்கிக் கொடுத்தான். தெரிந்துதான் தின்றேன்.

நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டாம் வருடம், ஒரு மத்தியானம். உங்களோடு படித்த பெண் ஒருத்தி மதுக்கரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். பத்தாவது பாஸ் சர்ட்டிபிகேட் இருந்தால் உங்களையும் எடுத்துக்கொள்வார்கள், பெண்களுக்கு ஹாஸ்டல் இருக்கிறது, வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார் என்று போனில் சொல்லியிருந்தாள். வாட்ச்மேன் என்பதை நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள்.

"அம்மணி, எனக்கு மத்ததெல்லாம் பாஸு. கணக்கு ஒண்ணுதான் பெயிலு. அதை மட்டும் நீ சொல்லிக் குடுத்துப்போடு. நான் எப்படியோ போயிக்கறேன்."

எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. பரீட்சைக்குத் தனித்தேர்வராக விண்ணப்பித்தோம். மூன்று மணிக்கு நான் காலேஜிலிருந்து வந்ததும் சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஆரம்பிப்போம். தறி ஓடும் வரைக்கும் பயமில்லை, எத்தனை கத்தினாலும் அண்ணன் காதுக்குப் போகாது.

நேர்கோட்டின் சமன்பாட்டிலிருந்து சாய்வு கண்டுபிடிக்கிற கணக்கு கட்டாயம் வரும், முதலில் அதைப் பிடியுங்கள் என்றேன். y = mx + c என்று எழுதி, m என்பது சாய்வு, c என்பது வெட்டுத்துண்டு என்று சொன்னேன். வெட்டுத்துண்டு என்றதும் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "கட் பீசா அம்மணி?" தறிக்காரர் வீட்டில் கட் பீஸ் என்றால் துணியை அறுக்கும்போது மிஞ்சுகிற, ஒன்றுக்கும் சேராத துண்டு. "அப்ப அதைத் தூக்கி ஓரமா வெச்சுரலாம். நமக்குச் சாய்வுதானே வேணும்?" என்றீர்கள். நான் சொன்ன அர்த்தம் அதில்லை. ஆனால் நீங்கள் சொன்னதும் தப்பில்லை. சாய்வு மட்டும் வேண்டுமென்றால் கடைசியில் தனியாக நிற்கும் எண்ணைத் தொடவே தேவையில்லை. இன்றைக்கும் நான் வகுப்பில் அதைக் கட் பீஸ் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு அது உடனே பிடித்துப்போகும். யார் சொன்னது என்று அவர்களிடம் சொன்னதில்லை.

உங்களுக்கு ஏறாமல் நின்றது மைனஸ்தான். 2x + 5y − 10 = 0 என்றால் 5y-ஐ மட்டும் இடப்பக்கம் நிறுத்திவிட்டு மற்றதை வலப்பக்கம் அனுப்ப வேண்டும். 2x அந்தப் பக்கம் போனால் −2x ஆக வேண்டும். நீங்கள் 2x-ஐ அப்படியே அனுப்பிவிடுவீர்கள். சமக்குறியைத் தாண்டினால் குறி மாறும் என்று தொண்டை வறளச் சொல்வேன். "ஏனம்மணி மாறோணும்? அதே ரெண்டுதானே போகுது?" என்பீர்கள்.

நியாயமான கேள்வி. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. இரண்டு பக்கத்திலும் 2x-ஐக் கழிக்கிறோம், அதனால்தான் அது அங்கே மைனஸாகத் தெரிகிறது என்று சொன்னால் முடிந்தது. பி.எஸ்ஸி. கணக்கு இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் காரணம் சொல்லவில்லை. குறி மாற்றவில்லை என்றால் அடித்தார்கள், நான் மாற்றப் பழகிவிட்டேன். எனக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான். அதையே உங்களுக்கும் நடத்தினேன். மர ஸ்கேலை எடுத்து உங்கள் விரல் முட்டியில் அடித்தேன்.

முதல் தடவை விளையாட்டுக்கு அடித்த மாதிரி இருந்தது. நீங்களும் சிரித்தீர்கள். இரண்டாவது வாரம் அது விளையாட்டில்லை. நீங்கள் கையை இழுத்துக்கொள்ளவில்லை என்பதால் இன்னும் ஓங்கி அடித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அடிக்கும்போது எனக்குப் பிடித்திருந்தது. என்னைவிட நான்கு வயது மூத்த ஒருத்தி என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டுவது பிடித்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒருநாள் ஸ்கேல் கீழே வருவதற்குள் நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். அன்று உங்கள் இடது கன்னத்தில் அண்ணனின் நாலு விரலும் பதிந்திருந்தன. கோபமாகப் பேசவில்லை. தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தீர்கள்.

"உங்கண்ணன் அடிச்சா உங்கிட்ட வந்து உக்காந்துக்கறேன். நீயும் அடிச்சா நான் எங்க போயி உக்கார்றது?"

ஸ்கேலை என் கையிலிருந்து வாங்கி அடுப்புக்குப் பின்னால் வைத்தீர்கள். அப்புறம் நீங்கள்தான் சிரித்தீர்கள். "அடியில ஒண்ணும் ஏறாது அம்மணி. ஏறுமுன்னா நான் இந்நேரத்துக்குக் கலெக்டர்."

அதற்கடுத்த நாள் நோட்டை விரித்து நீங்களே சொன்னீர்கள். "எங்கூட்ல நான் பிளஸ்ஸு. எங்கப்பனுக்கு நான்னா உசுரு. தாண்டி இந்த ஊட்டுக்கு வந்தேன், மைனஸ் ஆயிட்டேன். ஆளு அதே ஆளுதான். நீ சொல்ற சமக்குறிக் கணக்கு இதுதானே?" நான் தலையாட்டினேன். அன்றைக்குப் பிறகு உங்களுக்கு ஒரு மைனஸ்கூடத் தவறவில்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன், அண்ணி.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஹால் டிக்கெட்டைச் சோமனூர் பிரவுசிங் சென்டரில் எடுத்துக்கொண்டு வந்து நோட்டுக்குள் வைத்திருந்தோம். வேண்டுமென்றே கஷ்டமாக ஒன்று கொடுத்தேன். 4x − 6y + 1 = 0. நீங்கள் பேனாவையே எடுக்கவில்லை. "கட் பீசை ஓரமா வெச்சாச்சு. மைனஸும் மைனஸும் அடிபட்டுரும். பிளஸ்ஸு. மூணுல ரெண்டு" என்றீர்கள். இன்று காலை நான் கோட்டை விட்ட அதே வகைக் கணக்கு, அண்ணி. அன்று நீங்கள் வாயாலேயே போட்டீர்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் தோளைப் பிடித்து உலுக்கி, எங்கள் வீட்டுக் குரலில் கத்தினேன். "அவ்வளவுதானுங்கண்ணி! ஹால் டிக்கெட்டு வந்துபோச்சு, இனி நீங்க பாஸாகி மில்லு ஹாஸ்டலுக்குப் போறதுதான் பாக்கி!"

பாதி வாக்கியத்தில் கரண்ட் போய்விட்டது. எட்டுத் தறியும் ஒன்றாக நின்றன. 'மில்லு ஹாஸ்டலுக்குப் போறதுதான் பாக்கி' என்பது மட்டும் அந்த அமைதியில் தனியாக, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி நின்றது. தறி வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் இப்படி நடக்கும். சத்தத்தை நம்பியே வளர்ந்திருந்தேன். அது திடீரென்று இல்லாமல் போனால் குரலைக் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கதவு திறந்தது. அண்ணன் கையில் தறியின் கட்டை இருந்தது, ஊடுநூல் கொண்டுபோகும் நாடாவை அடித்துத் தள்ளுகிற கட்டை. உதிரிக் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தானோ, இதற்காகவே எடுத்து வந்தானோ தெரியாது.

"எந்த மில்லு?" என்றான். நோட்டைப் பிடுங்கினான். ஹால் டிக்கெட் கீழே விழுந்தது. எடுத்துப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "நீயா சொல்லிக் குடுத்தே?"

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கண்ணா."

மில்லு ஹாஸ்டல் என்று கத்தியதே நான்தான். அவனும் கேட்டிருந்தான். ஆனாலும் அவன் அதை நம்பினான். நம்ப ஆசைப்பட்டான். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "அம்மணிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நானாத்தான் படிச்சேன். இப்பத்தான் சொன்னேன்."

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது இடுப்பில். ஹால் டிக்கெட்டைக் கசக்கி உங்கள் வாயில் திணித்தான். "தின்னு. பாஸாகோணும்ல, தின்னு." கீழே விழுந்தபின் வயிற்றில் உதைத்தான். தலைக்கு ஓங்கும்போது நீங்கள் வலது கையைக் குறுக்கே வைத்தீர்கள். அந்தக் கட்டை உங்கள் விரல்களில் இறங்கியது. காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. அப்போதுதான் நீங்கள் கத்தினீர்கள். இரண்டு வருடத்தில் உங்கள் அலறலை நான் கேட்டது அன்றுதான். அதுவரைக்கும் நீங்கள் அலறியதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் அலறியிருக்கிறீர்கள்.

தெருவுக்கும் கேட்டது. எதிர் வீட்டிலிருந்து மூன்று பேர் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா குறுக்கே விழுந்து கும்பிட்டாள், அவனை விடச் சொல்லி அவர்களை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அந்தக் கட்டை என் காலடியில்தான் உருண்டு கிடந்தது. அதை எடுத்து அவன் மண்டையில் ஒன்று போட்டிருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனை நூறு தடவை மனதுக்குள் போட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அன்று குனிந்து எடுக்கவில்லை. உங்கள் மேல் ஓங்கத் தெரிந்த கை அவன் மேல் ஓங்கவில்லை.

சாயங்காலமே உங்கள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். போலீஸுக்குப் போகவேண்டாம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி முடித்தார்கள். இரண்டு விரல் முறிவு, மாவுக்கட்டு. ஹால் டிக்கெட் போனால் என்ன, பதிவு எண் எனக்கு மனப்பாடம். இன்னொன்று எடுத்துக்கொண்டு, காலேஜுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, உங்கள் அப்பா ஊருக்கு பஸ் ஏறினேன். நீங்கள் என்னை உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்தீர்கள், இடது கையால். மன்னிப்புக் கேட்க வந்தவள், மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

டாக்டர் சர்ட்டிபிகேட் காட்டியதும், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு டீச்சரைப் போட்டார்கள். அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். "அந்தம்மா மைனஸ் போடாமயே அடுத்ததுக்குப் போறாங்க. மைனஸ் போடுங்கன்னேன். காதுலயே வாங்கல. மறுக்காவும் சொன்னேன். மூணாவது வாட்டி கத்திப்போட்டேன். பக்கத்து ஹாலே திரும்பிப் பாக்குது!" சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். ஐம்பத்தொன்று வாங்கினீர்கள். அந்த ஆடியில் மில்லுக்குப் போய்விட்டீர்கள். அண்ணன் ஒரு தடவை ஹாஸ்டல் வாசலுக்கு வந்து நின்று கூச்சல் போட்டான். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். நன்றாகத்தான் இருந்தான். அவன் வீட்டில் நான் கை நனைப்பதில்லை. அவனுக்கு இப்போது கை நடுங்குகிறதாம், டம்ளரைப் பிடிக்க முடியவில்லையாம், அம்மா போனில் அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாக நடுங்கட்டும்.

மதுக்கரையில் நீங்கள் தனியாக வீடு எடுத்தபின் மாதம் ஒரு தடவையாவது வருவேன். ஒரு தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், அன்று ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று. நீங்கள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தீர்கள். அந்த இரண்டு விரலும் முழுசாக மடங்காது, கத்தியை மூன்று விரலால்தான் பிடிப்பீர்கள். "உன்னையும் அடிச்சிருப்பான். அடி வாங்கிப் பழகுனவ நான் ஒருத்தி இருக்கறப்ப உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றீர்கள். அப்புறம் சாப்பிடச் சொன்னீர்கள்.

போன ஆவணியில் உங்கள் நுரையீரல் முழுக்கக் கெட்டுப்போய்விட்டது. தறித் தூசியா மில்லுத் தூசியா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடுவதற்கு முன் நீங்கள் கடைசியாகப் பேசிய நாள், ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, என் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அம்மணி, இஸ்கூல்ல புள்ளைங்களை அடிக்கறயா?"

"இல்லைங்கண்ணி" என்றேன்.

"நல்லது" என்றீர்கள். கையை விடவில்லை. நீங்கள் நம்பினீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீடுகளில் ஒன்று. அவள் அம்மா அங்கே ஒரு கட்டடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை, சீருடையைக்கூட மாற்றவில்லை. மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார் என்று பதறிப்போய் நாற்காலி போட்டார். காலையில் அடித்துவிட்டேன் என்றேன்.

"அதுக்கென்னங்க மிஸ்! நல்லாப் போடுங்க. கண்ணை மட்டும் உட்டுட்டு மீதி எங்க வேணாலும் அடிங்க. அடிச்சாத்தான் இதுக்கெல்லாம் ஏறும்."

"இல்லைங்க. தப்பு என் மேலதான். அவ போட்ட கணக்கு சரிங்க."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "இருக்கட்டுங்க மிஸ். நாளைக்கு ஏதாச்சும் தப்புப் பண்ணாமயா போயிருவா? அதுக்கு அட்வான்சா வெச்சுக்கட்டும்." காபி வைக்க உள்பக்கம் திரும்பினார்.

பெண் கதவோரம் நின்றிருந்தாள். "உன்ற விடைதான் கண்ணு சரி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றேன்.

"அப்ப அந்த மைனஸை அழிச்சிரட்டுங்களா மிஸ்?"

அழித்துவிடு என்றேன். விரல் வீங்கியிருக்கிறதா பார்க்கலாம் என்று எழுந்து கையை நீட்டினேன். அவள் சட்டென்று தோளைக் குறுக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிபட்ட கையை என் முன்னால் நீட்டினாள். உள்ளே அவள் அம்மா பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையைத் தொடவும் முடியாமல், என் கையைத் திரும்ப எடுக்கவும் முடியாமல் நான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டதும் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். உங்களை அடித்ததோடு நான் நிறுத்தவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே இருக்கிறது, யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்களே, அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

ஆமாங்கண்ணி. அடிக்கிறேன்.